தங்க முலாம் நிறம் மாறி வருகிறதா? கரைசலைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

இரண்டு ஜிமிக்கிகள். ஒரே பித்தளைத் தகட்டில் வெட்டியவை, ஒரே நாளில் பற்று (சால்டர்) வைத்து இணைத்தவை, ஒரே பீக்கரில் ஒன்றன்பின் ஒன்றாக முலாம் பூசியவை. உலர்த்தி வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தால் வலது காதுக்கானது நல்ல மஞ்சள். இடது காதுக்கானது புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி சிவப்பு. நான் முலாம் போட ஆரம்பித்த முதல் வருடத்தில் நடந்தது இது. கரைசல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பாதிக்கு மேல் தங்கம் மிச்சமிருந்த ஒரு லிட்டரை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக வாங்கினேன். சிவந்ததை லேசாகப் பஃப் (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகு) செய்து புதுக் கரைசலில் விட்டேன். அதே சிவப்பு.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. இடது ஜிமிக்கியில் ஒரு பற்று விட்டுப்போய், இரண்டாம் முறை பற்றுப் பொடி வைத்து நெருப்பு ஊதியிருந்தேன். கூடுதல் சூடு, அந்தக் கறுப்பைப் போக்க அமிலத்தில் கூடுதல் ஊறல். பித்தளையின் மேல்தோலில் இருந்த துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் நின்றுவிட்டது. அதன் மேல் ஏறிய மெல்லிய தங்கம் அந்தச் சிவப்பை மறைக்கவில்லை.

அதற்கப்புறம் நான் வைத்திருக்கும் வரிசை இதுதான்: முதலில் வெளிச்சம், பிறகு நகை, பிறகு மின்சாரம், சூடு. கரைசல் கடைசி. கையால் நகை செய்து, அரை லிட்டர் ஒரு லிட்டர் பீக்கரில், சின்ன ரெக்டிஃபையர் (வீட்டு மின்சாரத்தை நேர் மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி) வைத்துப் பித்தளை, செம்பு, வெள்ளி மேல் முலாம் போடுகிறவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்குமுன்: சயனைடு விஷயம்

சந்தையில் கிடைக்கும் தங்கக் கரைசல்களில் பெரும்பாலானவை பொட்டாசியம் தங்க சயனைடில் செய்தவை. அந்த உப்பின் எடையில் சுமார் 68 சதவீதம் தங்கம். நிறமும் அருமையாக வரும். ஆனால் அதில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். நகையைச் சுத்தம் செய்ய அமிலம் வைத்திருப்போம். பக்கத்திலேயே சயனைடு கரைசல் இருந்தால் சரியாகக் கழுவாத ஒரு நகை, கை தவறிய ஒரு டம்ளர் போதும். நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று பிஎச் (அமில, கார அளவு) குறைக்க அமிலம் ஊற்றுவது அதைவிட மோசம். வீட்டில் செய்கிறவர்கள் சயனைடு இல்லாத சல்ஃபைட் வகைக் கரைசலை வாங்குங்கள். சயனைடு வேலை என்றால் அதற்கான உரிமமும் புகைபோக்கியும் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள்.

சல்ஃபைட் என்றால் அலட்சியமாக இருக்கலாம் என்று பொருளில்லை. அதிலும் அமிலம் விழுந்தால் கந்தக டை ஆக்சைடு வரும், தங்கமும் பிரிந்து அடியில் தங்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். சமையல் பாத்திரம் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. பழைய கரைசலை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள். அதில் தங்கம் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. தங்கம் பிரித்தெடுக்கும் இடங்களில் வாங்கிக்கொள்வார்கள்.

முதல் படி: நிறம் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என்னிடம் காட்டப்பட்ட ‘நிறம் போன’ நகைகளில் சில, வேறு விளக்கின் கீழ் சரியாகவே இருந்தன. நகைக் கடைக்காரர்கள் தங்கத்துக்கு மேல் மஞ்சள் விளக்கு போடுவது சும்மா இல்லை. வீட்டில் இருக்கும் வெள்ளை எல்இடி 6500 கெல்வின். அதன் கீழ் நல்ல முலாமும் வெளிறித் தெரியும். 3000 கெல்வின் விளக்கில் வெளிறியதும் பொன்னாகத் தெரியும். காலையில் நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில், வெள்ளைத் தாள் மேல், ஏற்கெனவே திருப்தியாக வந்த ஒரு பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனத்தில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிடாதீர்கள். மனது எப்போதும் கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத்தான் நினைவு வைத்திருக்கும்.

அடுத்தது, என்ன நிறம் வேண்டும் என்பது. 24 கேரட் என்று எழுதிய கரைசலை வாங்கிவிட்டு, அம்மாவின் சங்கிலி மாதிரி வரவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. அம்மாவின் சங்கிலி 22 கேரட். அதில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கிறது. கலப்பில்லாத தங்கத்தின் நிறம் வேறு. செம்பு கூடினால் சிவப்பு, வெள்ளி கூடினால் பச்சை, நிக்கல் கூடினால் வெளிறல்: இந்தக் கணக்குதான் எல்லாக் கலப்புத் தங்கத்துக்கும். செம்பொன், பசும்பொன் என்று நம் மொழியிலேயே இரண்டும் உண்டு. பழந்தமிழில் கிளியின் சிறகு நிறத்தை வைத்துக் ‘கிளிச்சிறை’ என்றே ஒரு பொன் வகை இருந்தது. இன்றைக்கு இதே விஷயத்தை ஐஎஸ்ஓ 8654 என்ற தரம் எண்ணாகச் சொல்கிறது: 2 என், 3 என் என்றால் மஞ்சள், 4 என் இளஞ்சிவப்பு, 5 என் சிவப்பு. கரைசல் வாங்கும்போது ‘கோல்டு கலர்’ என்று கேட்காமல் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பிரச்சினை கடையிலேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: சாம்பிள் தகடு

என் மேஜையில் எப்போதும் ஒரு டப்பா நிறையப் பித்தளைத் துண்டுகள் இருக்கும். இரண்டு செ.மீ. அகலம், ஐந்து செ.மீ. நீளம், ஒரு மூலையில் துளை. பற்று இல்லை, வேலைப்பாடு இல்லை, நன்றாக மெருகு போட்டவை. நகையில் நிறம் தப்பினால் வேறு எதையும் தொடாமல் இதில் ஒன்றை நன்றாகச் சுத்தம் செய்து, அதே கரைசலில், அதே சூட்டில் முலாம் போடுகிறேன். நகைக்கு வைத்த ஆம்பியரை அப்படியே வைக்காமல், பரப்புக்கு ஏற்ற அளவில் வைக்க வேண்டும். கணக்கு கீழே வருகிறது.

தகடு சரியாக வந்தால் கரைசல் மேல் குற்றமில்லை. தவறு நகையில், அல்லது அதைச் சுத்தம் செய்த விதத்தில். தகடும் கெட்டால் மின்சாரம், சூடு, கரைசல் பக்கம் போக வேண்டும். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் ஒரு லிட்டர் கரைசலின் காசு எனக்கு மிச்சம்.

இன்னொரு சோதனையும் இதே தகட்டில் செய்யலாம். பாதித் தகட்டை வழக்கமான நேரம் முக்குங்கள். மறு பாதிக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். நேரம் கூடக்கூட நிறம் சரியான பக்கம் நகர்ந்தால், தங்கம் மெல்லிசாக விழுகிறது, கீழே இருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். செம்பின் மேல் மெல்லிய தங்கம் சிவந்து தெரியும். நிக்கலின் மேல் வெளிறித் தெரியும். நேரம் கூட்டியும் நிறம் அசையாமல் அப்படியே இருந்தால், விழுகிற தங்கத்திலேயே வேறு உலோகம் கலந்து வருகிறது.

மூன்றாம் படி: தகடு நன்றாக வந்தது, நகை வரவில்லை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கையால் செய்த நகை என்பது தகடு இல்லை. அதில் பற்று இருக்கிறது, கம்பி முறுக்கு இருக்கிறது, மணி வைத்த சந்து இருக்கிறது. ஒவ்வொரு சந்திலும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும்.

முதல் சந்தேகம் மெருகுக் கட்டி. பஃப் செய்யும்போது ரூஜ், ட்ரிப்போலி எல்லாம் சூடாகி மெழுகாக உருகிச் சந்துகளில் போய் உட்காரும். கண்ணுக்குத் தெரியாது. முலாம் போட்டதும் அந்த இடம் மட்டும் பழுப்புப் புகை படிந்த மாதிரி தெரியும். 60 டிகிரி சூட்டில் சோப்புத் தண்ணீர், அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வில் கழுவும் தொட்டி) இருந்தால் அதில் ஐந்து நிமிடம், இல்லையென்றால் மென்மையான பிரஷ். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளை பிரஷ்ஷும் வைத்து ஆசாரிமார் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயை எடுக்கவும் மெருகைத் தூக்கவும் அது இன்றும் நல்ல முறைதான். தேய்த்த பிறகு நன்றாக அலச வேண்டும், அவ்வளவுதான். புளி மட்டும் வேண்டாம். அதன் சக்கை சந்தில் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு.

சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால் தண்ணீர் சொல்லும். நகையைத் தண்ணீரில் முக்கித் தூக்கிப் பிடியுங்கள். 30 விநாடி தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். எங்காவது விலகி, வாழை இலையில் விட்ட மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. இந்தச் சோதனைக்குப் பிறகு விரல் படக்கூடாது, செம்புக் கம்பியில் கட்டித்தான் தூக்க வேண்டும். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்த ஒரு பதக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விற்க முடியாது, தூக்கிப் போடவும் மனமில்லை.

இரண்டாம் சந்தேகம் பற்று. ஈயம் கலந்த பற்று தங்கக் கரைசலுக்கு ஆகாது. அந்த இடம் கறுக்கும், கரைசலிலும் கொஞ்சம் கரையும். வெள்ளிப் பொடி வைத்து ஊதியிருந்தால் பற்றுக் கோடு மட்டும் வெளிறித் தெரியலாம். இரண்டுக்கும் தீர்வு, தங்கத்துக்கு முன் நகை முழுவதும் ஒரே உலோகத்தின் அடிப்பூச்சு கொடுப்பது. பற்று வைக்கும்போது போட்ட வெண்காரம் கண்ணாடியாக உறைந்து ஒட்டியிருந்தால் அங்கே முலாமே ஏறாது. சுடுநீரிலும் நீர்த்த அமிலத்திலும் முழுக்கக் கரைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மூன்றாவது, என் ஜிமிக்கிக் கதை. பித்தளையை அளவுக்கு மீறிக் காய்ச்சி அமிலத்தில் ஊற வைத்தால் மேல்தோல் செம்பாகும். முலாமுக்கு முன்னாலேயே கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியும்; நாம்தான் அவசரத்தில் பார்ப்பதில்லை. மீண்டும் பஃப் செய்து மஞ்சள் பித்தளை தெரிகிறவரை தோலை எடுத்தால் சரியாகிவிடும். இதே சிவப்பு வெள்ளி நகையிலும் வரும், வேறு வழியாக: செம்பு கரைந்திருக்கும் பழைய அமிலத்தில் இரும்புச் சாமணம் விட்டு நகையை எடுத்தால், கரைந்திருந்த செம்பு வெள்ளி மேல் வந்து படியும். அமிலத்துக்கென்று ஒரு செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கி தனியாக வையுங்கள்.

925 வெள்ளியில் இன்னொரு தொல்லை. காய்ச்சும்போது அதில் இருக்கும் 7.5 சதவீதச் செம்பு தோலுக்கு அடியில் ஆக்சைடாகி, ஊதா கலந்த சாம்பல் நிழலாகத் தங்கும். அமிலத்தில் போகாது. முலாமுக்குப் பிறகு அழுக்குத் திட்டாகத் தெரியும். அரமும் உப்புத்தாளும்தான் வழி.

நான்காவது, வார்ப்பு நகை. வார்ப்பில் ஊசித்துளைகள் இருந்தால் சுத்தம் செய்யும் திரவம் அவற்றில் புகுந்து, முலாம் போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துக் கசியும். காலையில் பெட்டியைத் திறந்தால் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு படிக்கும் நடுவே சுடுநீர், குளிர்நீர் என்று மாற்றி மாற்றி அலசினால் கொஞ்சம் குறையும். துளை அதிகம் என்றால் கனமான செம்பு அடிப்பூச்சு போட்டு மூட வேண்டும்.

கெம்புக் கல் வைத்த நகைகளுக்கு ஒரு வார்த்தை. கல்லுக்கு அடியில் அரக்கு இருந்தால் 60 டிகிரி கரைசலில் அது இளகும், காரக் கரைசல் உள்ளே புகுந்து கல்லுக்குப் பின்னால் இருக்கும் தாளை மங்கலாக்கும். முத்துக்கும் இந்தச் சூடும் காரமும் ஆகாது. முலாம் முதலில், கல் பிறகு. செய்து முடித்த பழைய நகைக்கு முலாம் கேட்டு வந்தால் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேலையைத் திருப்பிக் கொடுப்பது நல்லது.

அடிப்பூச்சைப் பற்றி

நிறம் கெடுவதைத் தடுக்க நினைப்பவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. செம்பும் வெள்ளியும் நாளாக நாளாகத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வரும். பித்தளை மேல் நேராகப் போட்ட மெல்லிய முலாம் சில மாதங்களில் சிவந்து கறுப்பதற்கு இதுவே பெரிய காரணம். நடுவில் நிக்கல் பூச்சு இருந்தால் அது தடுப்புச் சுவராக நிற்கும். தங்கமும் பளபளப்பாக விழும்.

நிக்கலில் இரண்டு சிக்கல். ஒன்று, பலருக்குத் தோலில் அரிப்பு வரும். காது குத்திய துளையில் நுழையும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ. பரப்பில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் பல்லேடியம் அல்லது செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் கலந்த வெள்ளை வெண்கலப் பூச்சைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது சிக்கல் நிறம் சம்பந்தப்பட்டது: நிக்கல் பூசி எடுத்து, ஃபோன் பேசிவிட்டு வந்து தங்கத்தில் விட்டால் அதற்குள் அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் உட்கார்ந்திருக்கும். தங்கம் மங்கலாக விழும், பிறகு உரியும். நிக்கலிலிருந்து எடுத்தால் அலசி, ஈரம் காயாமல் நேராகத் தங்கத்துக்குப் போக வேண்டும். காய்ந்துவிட்டால் மறுபடி நீர்த்த அமிலத்தில் முக்கி, நன்றாக அலசி எடுத்துத்தான் விட வேண்டும்.

நான்காம் படி: தகடும் கெட்டுவிட்டது என்றால் மின்சாரம்

‘மூணு வோல்ட்டில் வை’ என்று சொல்லிக் கொடுப்பவர்கள் அதிகம். வோல்ட் உங்கள் கிளிப்பின் துரு, வயரின் நீளம், ஆனோடு (கரைசலுக்குள் பிளஸ் முனையாக நிற்கும் உலோக வலை) இருக்கும் தூரம் எல்லாவற்றையும் பொறுத்தது. தங்கம் விழுவது ஆம்பியர் கணக்கில். அதுவும் நகையின் பரப்புக்கு எவ்வளவு ஆம்பியர் என்பதில். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு ஜிமிக்கி ஜோடியின் பரப்பு உள்ளும் புறமும் சேர்த்து 40 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கரைசலோடு வந்த தாளில் 100 சதுர செ.மீ.க்கு 0.5 ஆம்பியர் என்று போட்டிருந்தால், உங்களுக்கு வேண்டியது 0.2 ஆம்பியர். கரைசல் முழுத் திறனோடு வேலை செய்தால் ஒரு ஆம்பியர் நிமிடத்துக்குச் சுமார் 122 மில்லிகிராம் தங்கம் விழும். 100 சதுர செ.மீ.யில் ஒரு மைக்ரான் கனத்துக்கு 193 மில்லிகிராம் தேவை. அப்படியென்றால் நம் ஜோடியில் 0.1 மைக்ரான் ஏற 20 விநாடி போதும். செலவாகும் தங்கம் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. நடைமுறையில் கரைசலின் திறன் குறைவாகவே இருக்கும், நேரம் கொஞ்சம் கூடும். ஆனால் இந்தக் கணக்கு கையில் இருந்தால், 40 சதுர செ.மீ. நகைக்கு வைத்த ஆம்பியரிலேயே ஒரு சின்ன மூக்குத்தியை விட்டு, அது பழுப்பாகக் கருகி வந்ததென்று கரைசலைத் திட்ட மாட்டீர்கள். மேலே சொன்ன சாம்பிள் தகட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 20 சதுர செ.மீ.; அதற்கு 0.1 ஆம்பியர்.

மின்சாரம் அதிகமானால் விளிம்பும் முனையும் முதலில் கறுக்கும், நகையிலிருந்து குமிழ்கள் சரசரவென்று கிளம்பும், தேய்த்தால் பொடியாக வரும். குறைந்தால் நிறம் வெளிறி, எலுமிச்சை மஞ்சளாக நிற்கும். கிளிப்புகளை வாரம் ஒருமுறை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். நகை மைனஸில், ஆனோடு பிளஸில். மாற்றிக் கொடுத்தால் உங்கள் பித்தளையே கரைசலில் கரையும், அன்றோடு அந்தக் கரைசலின் நிறம் மாறிவிடும். கிளிப்பை மாட்டி, மின்சாரம் ஓடும்போதே நகையை உள்ளே விட வேண்டும். வெளியே எடுக்கும்போதும் அப்படியே. மின்சாரம் இல்லாமல் நகை கரைசலில் தொங்கும் ஒவ்வொரு நொடியும் செம்பு கரைய வாய்ப்பு.

ஜிமிக்கிக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. குடையின் வெளிப்புறம் பொன்னாக இருக்கும், உள்ளே வெறும் பித்தளை தெரியும். மின்சாரம் குழிக்குள் நுழையத் தயங்கும். ஆனோடைப் பார்த்து நிற்கும் பக்கத்துக்கே தங்கம் ஓடும். ஆனோடு வலையைப் பீக்கரின் உட்சுவரைச் சுற்றி வளைத்து வையுங்கள். நகையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். குடையின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி கட்டினால் உள்ளே காற்றுக்குமிழ் சிக்காது. நான் பாதி நேரத்தில் ஜிமிக்கியைத் திருப்பிக் கட்டுவேன். கம்பி தொட்ட இடத்தின் தழும்பும் அதில் மறைந்துவிடும்.

சூடு

எளிய விஷயம், ஆனால் கைப்பழக்கத்தில் தப்பும். பெரும்பாலான அலங்காரத் தங்கக் கரைசல்கள் 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் வேலை செய்பவை. உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்குச் சட்டம். சூடு குறைந்தால் வெளிறும், கூடினால் ஆழ்ந்து சிவக்கும். அடுப்பின் குமிழில் இருக்கும் எண்ணை நம்பாமல் கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கரைசலிலேயே விட்டுப் பாருங்கள். ஆவியான தண்ணீருக்குப் பதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, பழைய அளவுக் கோட்டுக்குக் கொண்டுவந்து, சூடு மறுபடி ஏறும்வரை காத்திருங்கள். கடைகளில் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் போதும். ஆசிட் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: இப்போது கரைசலைச் சந்தேகிக்கலாம்

வெளிச்சம் பார்த்தாயிற்று, சாம்பிள் போட்டாயிற்று, ஆம்பியரும் சூடும் சரி. இன்னும் தகடு கெட்டே வருகிறது. சரி, கரைசலுக்குள் போகலாம்.

சிவந்துகொண்டே வருகிறதென்றால் செம்பு சேர்ந்திருக்கிறது. முந்தைய அலசல் சரியில்லாமல் அடிப்பூச்சுக் கரைசல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கட்டும் செம்புக் கம்பி மின்சாரமில்லாமல் ஊறியிருக்கலாம். ஒரு வளையம் அடியில் விழுந்து மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம். காந்தம் விட்டுத் தேடினால் பித்தளையும் செம்பும் மாட்டாது. டார்ச் அடித்துப் பீக்கரின் அடியைப் பாருங்கள். நான் ஒருமுறை அப்படி மூன்று கொக்கிகளை எடுத்தேன்.

வெளிறி, எஃகு நிறம் காட்டினால் ஒன்று நிக்கல் சேர்ந்திருக்கிறது, அல்லது தங்கம் தீர்ந்துவருகிறது. இரண்டாவதற்குக் கணக்கு உண்டு. லிட்டருக்கு 2 கிராம் தங்கம் உள்ள ஒரு லிட்டர் கரைசலில், மேலே சொன்ன ஜோடிகள் நூறு போட்டால் ஏறக்குறைய 0.8 கிராம் போய்விடும். அதாவது 40 சதவீதம். நகையோடு ஒட்டிக்கொண்டு அலசல் தண்ணீரில் போவது தனி. எத்தனை ஜோடி போட்டீர்கள் என்று எழுதி வைத்திருந்தால், தங்கம் எப்போது சேர்க்க வேண்டும் என்று ஊகிக்கவே வேண்டாம். முதல் அலசல் தண்ணீரைக் கொட்டாமல் தனி டப்பாவில் சேர்த்து வையுங்கள். அதில் இருப்பதும் உங்கள் காசு.

பச்சை சாயல் வெள்ளியால் வருவது. வெள்ளி நகைகளுக்கும் பித்தளை நகைகளுக்கும் ஒரே பீக்கரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். முடிந்தால் இரண்டு பீக்கர் வையுங்கள்.

பழுப்பு மேகம், கோடு கோடாக மங்கல் என்றால் பெரும்பாலும் எண்ணெய், மெழுகு, சோப்பு போன்றவை கரைசலில் சேர்ந்திருக்கின்றன. கரைசல் விற்றவரிடம் கேட்டு, அவர் சரி என்றால், முலாம் தொழிலுக்கென விற்கும் ஆக்டிவேட்டட் கார்பனில் வடிகட்டலாம். கண்ட கரியைப் போட்டால் அதுவே புது அழுக்கு. சல்ஃபைட் கரைசலின் அடியில் கறுப்புப் பொடி படிந்தால், காற்றுப் பட்டு சல்ஃபைட் குறைந்தோ பிஎச் இறங்கியோ தங்கம் பிரிகிறது. மூடி போட்டு வைப்பதும், பிஎச் தாளில் வாரம் ஒரு முறை பார்ப்பதும் இதைத் தவிர்க்கும். பிஎச் இறங்கியிருந்தால் விற்றவர் சொன்ன திரவத்தை மட்டும் சேர்க்க வேண்டும்.

உலோகக் கலப்பை வீட்டில் எடுக்க வழி அதிகமில்லை. ஒரு பழைய பித்தளைத் தகட்டை மிகக் குறைந்த மின்சாரத்தில் சில மணி நேரம் ஓட விட்டுக் கொஞ்சம் இழுக்கப் பார்ப்பார்கள்; அதில் தங்கமும் சேர்ந்தே போகும். பட்டறைகளில் 267 மில்லி கொள்ளும் ஹல் செல் என்ற சாய்வுத் தொட்டியில் ஒரே தகட்டில் எல்லா மின்சார அளவுகளையும் ஓட்டிப் பார்ப்பார்கள். முலாம் ரசாயனம் விற்பவரிடம் அந்த வசதி இருந்தால் கொஞ்சம் கரைசலைக் கொடுத்துச் சோதித்து வாங்குங்கள். அவர் ‘மாற்றுங்கள்’ என்றால் மாற்றுவதுதான் மலிவு.

எந்தக் காரணமாக இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டையும் ஆம்பியரையும் சேர்த்துத் திருகினால், நிறம் சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

எடுத்த பிறகு கெடுவது

பீக்கரிலிருந்து அழகாக வந்து, காயும்போது கெடுவதும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கடைசி அலசல் விட்டால் உப்புப் புள்ளிகள் வெள்ளையாக நிற்கும், சில நாளில் அந்த இடம் கறுக்கும். கடைசி இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டரில், அதிலும் கடைசியது சூடாக. பிறகு ஹேர் டிரையர். மரத்தூளில் புரட்டிக் காய வைப்பதும் பழைய வழக்கம்தான். தூள் காய்ந்து சுத்தமாக இருந்தால் நல்லது, பழைய ஈரத்தூள் என்றால் கறை.

மெல்லிய முலாமை அதிக நேரம் ஓட விட்டுக் கனமாக்க நினைப்பவர்களுக்கு: ஃபிளாஷ் கரைசல் (மிக மெல்லிய பூச்சுக்கென்று செய்தது) ஓரளவுக்கு மேல் கனமேற்றினால் மங்கிப் பழுப்பாகும். நடுவில் எடுத்து, பித்தளை பிரஷ்ஷில் பூந்திக்கொட்டை நுரையோடு லேசாகத் தேய்த்து, அலசி, மறுபடி விட்டால் பளபளப்பு திரும்பும். அப்படியும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்க வணிக விதிப்படி வெள்ளி மேல் ‘வெர்மெய்’ என்று விற்க 2.5 மைக்ரான் வேண்டும். ஃபிளாஷ் கரைசலில் அந்தக் கனத்துக்குப் போக முயலாதீர்கள், கனமான பூச்சுக்கென்று வேறு கரைசல் இருக்கிறது.

நான் எழுதும் நோட்டில் ஒரு நகைக்கு ஒரு வரி: தேதி, அடி உலோகம், எத்தனை முறை பற்று, பரப்பு, ஆம்பியர், சூடு, விநாடி, வந்த நிறம். அதே நாளில் போட்ட சாம்பிள் தகட்டின் துளையில் நூல் கோத்து, அந்தப் பக்கத்திலேயே கட்டிவிடுவேன். ‘எத்தனை முறை பற்று’ என்ற கட்டத்தைச் சேர்த்தது இடது ஜிமிக்கிக்குப் பிறகு.